கோழைத்தனமும் தன்னம்பிக்கைக் குறைவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாய்வரை வந்த பேச்சை விழுங்கிவிடுகிறவர்கள், விண்ணப்பத்தை நிரப்பிவிட்டு அனுப்பாமலே வைத்திருப்பவர்கள், தன் பங்கைக் கேட்கக் கூசி விட்டுக்கொடுத்துவிடுகிறவர்கள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள். 'கோழை', 'பயந்தாங்கொள்ளி', 'தொடைநடுங்கி' என்று அவர்களுக்குப் பெயர் வைக்க யாரும் யோசிப்பதில்லை. அவர்களும் அவர்களோடு வாழ்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளுக்கான பதில்கள் இவை.

கோழைத்தனம் என்றால் என்ன? பயப்படுகிற எல்லோரும் கோழைகளா?

இல்லவே இல்லை. பயம் ஓர் உணர்ச்சி, கோழைத்தனம் ஒரு நடத்தை. செய்ய வேண்டியது இன்னதென்று தெரிந்தும், செய்கிற வலு இருந்தும், தன்னை நம்பியிருப்பவருக்குக் கேடு வரும் என்று புரிந்தும், பயம் ஒன்றுக்காகவே விலகிப் போனால் அந்தச் சொல் பொருந்தும். அவ்வளவும் சேர்வது அபூர்வம். கூட்டத்தில் பேசக் கூசுகிறவரை அப்படி அழைப்பது அநியாயம்.

தைரியசாலிக்குப் பயமே வராது என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. ஸ்டான்லி ராக்மன் என்ற உளவியலாளர் வெடிகுண்டுகளைச் செயலிழக்கச் செய்யும் ராணுவ வீரர்களை ஆராய்ந்தவர். பயமே இல்லாமல் ஒரு காரியத்தைச் செய்வது வேறு, பயந்துகொண்டே விடாமல் செய்வது வேறு என்று அவர் பிரித்தார். துணிச்சல் என்ற பெயருக்கு இரண்டாவதுதான் உரியது என்பது அவர் பார்வை. கை நடுங்க நடுங்க ஒருவர் எழுந்து பேசினால் அந்த நடுக்கத்தை அவருடைய குறையாக எண்ண வேண்டாம். அவர் எதைத் தாண்டி வந்து பேசுகிறார் என்பதை அது காட்டுகிறது.

கூச்சம், தயக்கம், தன்னம்பிக்கைக் குறைவு, தாழ்வு மனப்பான்மை எல்லாம் ஒன்றுதானா?

பேச்சில் எல்லாவற்றையும் கலந்துதான் சொல்கிறோம். ஆனால் பிரித்துப் பார்த்தால்தான் எங்கே கைவைப்பது என்று தெரியும்.

கூச்சம் மற்றவர்கள் முன்னால் வருவது. தனியாக அருமையாகப் பாடுகிறவர், நாலு பேர் வந்ததும் நிறுத்திவிடுவார். தயக்கம் முடிவெடுக்கிற இடத்தில் வருவது, ஆள் இல்லாவிட்டாலும் வரும். தன்னம்பிக்கைக் குறைவு ஒரு கணிப்பு: 'இந்தக் காரியம் எனக்கு வராது.' அது ஒரு துறையில் இருந்து இன்னொன்றில் இல்லாமலும் போகலாம். கணக்கில் புலியாக இருப்பவர் அறிமுகமில்லாதவரிடம் தொலைபேசியில் பேச நடுங்குவார். தாழ்வு மனப்பான்மை இதைவிட ஆழமானது. அது காரியத்தைப் பற்றிப் பேசுவதில்லை, ஆளைப் பற்றியே பேசுகிறது: 'நானே குறைந்தவன், நான் தொட்டது எது விளங்கும்?'

முதல் மூன்றும் பழக்கத்தால் பெரும்பாலும் குறையும். கடைசியதற்குப் பழக்கம் மட்டும் போதாது. அந்த எண்ணத்தை யார் விதைத்தார்கள், எப்போது விதைத்தார்கள் என்று பேசித் தீர்க்க வேண்டியிருக்கும்.

நான் அமைதியான ஆள். கூட்டம் பிடிக்காது. இதுவும் கோழைத்தனமா?

இல்லை. தனிமை பிடிப்பது ஒரு விருப்பம். உங்களையே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: பயமே இல்லை என்று வைத்துக்கொண்டால் அந்த இடத்துக்குப் போயிருப்பீர்களா? 'அப்போதும் போயிருக்க மாட்டேன்' என்றால் அது உங்கள் சுபாவம், அதை மாற்றத் தேவையே இல்லை. 'போயிருப்பேன், ஆசையாக இருந்தது' என்றால் மேலே படியுங்கள்.

பேச எழுந்தால் நெஞ்சு படபடக்கிறது, நாக்கு ஒட்டிக்கொள்கிறது. உடம்பில் என்னதான் நடக்கிறது?

மூளையின் உள்ளே அமிக்டலா என்று ஒரு சிறு பகுதி இருக்கிறது. ஆபத்தாக இருக்கக்கூடிய எதையும் மிக வேகமாகக் கவனிப்பது அதன் வேலைகளில் ஒன்று. அங்கிருந்து செய்தி கிளம்பியதும் சிறுநீரகத்தின் மேல் அமர்ந்திருக்கும் சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் விடுகின்றன. இதயம் வேகமாக அடிக்கிறது, மூச்சு மேலோட்டமாகிறது, இரத்தம் பெரிய தசைகளுக்குப் பாய்கிறது, உமிழ்நீர் வற்றுகிறது. எதிர்த்து நிற்க அல்லது ஓடித் தப்பிக்க உடம்பு தயாராகிறது என்று வால்டர் கேனன் என்ற உடலியல் அறிஞர் 1915-ல் விளக்கினார். மூன்றாவதாக உறைந்து நிற்பதும் உண்டு. 'கேள்வி கேட்டதும் மூளை வெறிச்சோடிப் போய்விட்டது' என்று பலர் சொல்வது இதற்கு நெருங்கிய அனுபவம்தான்.

விலங்கு துரத்தும்போது உதவுகிற ஏற்பாடு, மேலதிகாரி முறைக்கும்போதும் அதேபோலக் கிளம்பிவிடுகிறது. அறிவு குறைவு என்றோ மனவலிமை இல்லை என்றோ இதற்கு அர்த்தமில்லை. படபடப்பு வந்தால் தோற்றுவிட்டதாக எண்ணிக்கொள்வதுதான் பலருக்குப் படபடப்பைவிடப் பெரிய தொல்லை.

இது பிறவிக் குணமா?

ஓரளவு ஆமாம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஜெரோம் கேகன் நான்கு மாதக் குழந்தைகளுக்குப் புதுப் பொம்மைகள், புதுக் குரல்கள், புது வாசனைகளைக் காட்டிப் பார்த்தார். சுமார் ஐந்தில் ஒரு குழந்தை கைகால்களை உதறி அழுதது. அப்படிப்பட்ட குழந்தைகள் பின்னாளில் புது ஆட்களிடமும் புது இடங்களிலும் ஒதுங்கி நிற்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பது பல ஆண்டுகள் அவர்களைப் பின்தொடர்ந்ததில் தெரிந்தது.

அதே ஆய்வில் இன்னொரு பாதியும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. அந்தக் குழந்தைகளில் பலர் வளர்ந்தபோது குறிப்பிட்டுச் சொல்லும்படியான பயந்த சுபாவத்தோடு இல்லை. பிறவி ஒரு சாய்வைத் தருகிறது, அவ்வளவுதான். அவர்கள் துள்ளிக் குதிக்கிற ஆட்களாக மாறுவது அரிதாக இருக்கலாம். ஆனால் ஒதுங்கியே கிடக்க வேண்டும் என்ற விதி எதுவும் இல்லை.

அப்படியானால் மீதி எங்கிருந்து வருகிறது?

கேலியிலிருந்து நிறைய வருகிறது. வகுப்பில் தப்பான பதில் சொன்னதற்கு எல்லோரும் சிரித்தது, வீட்டில் வாய் திறந்தாலே 'உனக்கென்ன தெரியும்' என்று அடக்கப்பட்டது, எதைச் செய்தாலும் இன்னொரு பிள்ளையோடு ஒப்பிடப்பட்டது. இதற்கு நேர்மாறான வீட்டிலிருந்தும் வரும். கீழே விழுந்துவிடும் என்று நடக்கவே விடாத பாசம், பிள்ளையை எதிலும் தவறவே விடாத அக்கறை. அடித்து வளர்த்த பிள்ளையும் பொத்திப் பொத்தி வளர்த்த பிள்ளையும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்பதைப் பார்க்கலாம். 'நானாக ஒன்றைச் சமாளித்தேன்' என்ற அனுபவம் இருவருக்குமே கிடைத்திருக்காது.

மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்ற உளவியலாளர்கள் 1967-ல் வெளியிட்ட சோதனை இங்கே முக்கியம், படிக்கக் கஷ்டமாக இருந்தாலும். தப்பவே முடியாதபடி மின்னதிர்ச்சி கொடுக்கப்பட்ட நாய்கள், பிறகு ஒரு சிறு தடுப்பைத் தாண்டினால் தப்பிவிடலாம் என்ற நிலையிலும் பெரும்பாலும் தாண்ட முயலவில்லை. அப்படியே படுத்து வலியைத் தாங்கின. இதைக் 'கற்றுக்கொண்ட கையறுநிலை' என்றார்கள். பிறகு அந்த நாய்களைக் கழுத்துவாரில் பிடித்து மறுபக்கத்துக்குப் பலமுறை இழுத்துப் போனார்கள். அதற்கப்புறம்தான் அவை தாமாகத் தாண்டத் தொடங்கின.

சுமார் ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2016-ல், அதே இருவரும் தங்கள் விளக்கத்தைத் திருப்பிப் போட்டார்கள். நீண்ட துன்பத்தில் அடங்கிப் போவது உயிர்களின் இயல்பான எதிர்வினை, அதைக் கற்கத் தேவையில்லை. 'என்னால் இதை மாற்ற முடியும்' என்பதைத்தான் கற்க வேண்டியிருக்கிறது என்றார்கள். பயந்த சுபாவம் உள்ள ஒருவரிடம் இதைச் சொல்லும்போது எனக்கு மனசு கொஞ்சம் லேசாகிறது. உங்களிடம் ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை. கற்றுக்கொள்ளும் வாய்ப்பு இன்னும் கிடைக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

விலகிப் போனால் நிம்மதியாக இருக்கிறதே. அதில் என்ன தவறு?

அந்த நிம்மதியில்தான் சிக்கலே இருக்கிறது. பேச வேண்டிய கூட்டத்துக்கு 'உடம்பு சரியில்லை' என்று சொல்லிவிடுகிறீர்கள். அடுத்த நொடியே நெஞ்சுப் பாரம் இறங்குகிறது. மூளை அந்த ஆறுதலைக் குறித்து வைத்துக்கொள்கிறது: விலகினால் சுகம். அடுத்த முறை விலகுவது இன்னும் சுலபமாகிறது. அது வட்டிக்கு வாங்கிய நிம்மதி.

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று கண்ணுக்குத் தெரிவதில்லை. போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பது உங்களுக்குக் கடைசிவரை தெரியாமலே போகிறது. ஒருவேளை சுமாராகப் பேசியிருப்பீர்கள், யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்தச் சாதாரணமான உண்மை உங்களை வந்து சேர வழியே இல்லை. 'போயிருந்தால் மானம் போயிருக்கும்' என்ற கற்பனை மறுப்பே இல்லாமல் தங்கிவிடுகிறது. இப்படிப் பத்து வருடம் போனால், சோதித்தே பார்க்காத ஒரு கருத்து உங்கள் குணமாகவே ஆகிவிடும்.

அரைகுறையாக விலகுவதும் உண்டு. கூட்டத்துக்குப் போவார்கள், கடைசி வரிசையில் உட்காருவார்கள். பேசுவார்கள், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் வாசித்துவிடுவார்கள். கையில் எப்போதும் போனை வைத்துக்கொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் இருப்பார்கள். காரியம் நல்லபடி முடிந்தாலும் 'அப்படி ஒளிந்துகொண்டதால்தான் தப்பித்தேன்' என்றே மனம் கணக்குப் போடும். அதனால் பயம் குறைவதில்லை.

எல்லோரும் என்னையே பார்ப்பதுபோல இருக்கிறது. உண்மையில் பார்க்கிறார்களா?

நீங்கள் நினைப்பதில் சுமார் பாதிதான். கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச்சும் உடன் ஆய்வாளர்களும் 2000-ல் வெளியிட்ட ஒரு சோதனையில், ஒருவருடைய முகம் அச்சிட்ட, அணிவதற்கே வெட்கமான ஒரு டி-சர்ட்டைப் போட்டுக்கொண்டு மாணவர்கள் ஓர் அறைக்குள் போக வேண்டும். அறையில் இருப்பவர்களில் சுமார் பாதிப் பேர் சட்டையில் இருக்கும் முகத்தைக் கவனித்திருப்பார்கள் என்று அவர்கள் கணித்தார்கள். உண்மையில் கவனித்தது கால்வாசிப் பேர்தான்.

உள்ளே இருக்கும் நடுக்கம் வெளியே அப்படியே தெரிகிறது என்ற எண்ணமும் இதே வகை. 2003-ல் கென்னத் சவிட்ஸ்கியும் கிலோவிச்சும், பேசப்போகிறவர்களில் ஒரு பகுதியினரிடம் 'உங்கள் பதற்றம் நீங்கள் நினைக்கிற அளவுக்கு வெளியே தெரியாது' என்று முன்கூட்டியே சொல்லிவைத்தார்கள். அதைக் கேட்டுவிட்டுப் பேசியவர்களின் பேச்சு மற்றவர்களுடையதைவிட நன்றாக அமைந்தது. அவர்களுக்கு மட்டும் அப்படித் தோன்றவில்லை, கேட்டவர்களும் அப்படியே மதிப்பிட்டார்கள். எந்தப் பயிற்சியும் இல்லை, ஓர் உண்மையைத் தெரிந்துகொண்டது மட்டும்தான் வித்தியாசம். அதனால் இந்தப் பதிலை மட்டுமாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தன்னம்பிக்கையை வளர்த்துக்கொண்டு, அப்புறம் இறங்கலாம் என்று இருக்கிறேன். சரிதானே?

அந்த 'அப்புறம்' வராது. தன்னம்பிக்கை காரியத்துக்கு முன்னால் வருகிற நுழைவுச்சீட்டு என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அது காரியத்துக்குப் பின்னால் வருகிறது.

ஆல்பர்ட் பண்டுரா என்ற உளவியலாளர் 1977-ல் இதை ஒழுங்காகப் பிரித்துக் காட்டினார். ஒரு குறிப்பிட்ட காரியம் தன்னால் ஆகும் என்ற நம்பிக்கை நான்கு வழிகளில் வருகிறது என்றார். தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, நம்பத் தகுந்தவர் சொல்லும் ஊக்க வார்த்தை, தன் உடம்பின் படபடப்பைத் தான் எப்படிப் புரிந்துகொள்கிறோம் என்பது. இந்த நான்கில் முதலாவதற்குத்தான் வலு அதிகம். நாம் பெரும்பாலும் தேடிப் போவது மூன்றாவதை. யாராவது 'உன்னால் முடியும்' என்று சொல்ல மாட்டார்களா என்று காத்திருக்கிறோம். சொன்னாலும் அது முதல் தடுமாற்றத்திலேயே கரைந்துவிடுகிறது.

இரண்டாவது வழியைப் பலரும் சரியாகப் பயன்படுத்துவதில்லை. மாபெரும் பேச்சாளரைப் பார்த்து ஊக்கம் பெற நினைப்பார்கள். அவரைப் பார்க்கப் பார்க்க, பயந்த ஆளுக்குத் தன்னால் முடியாது என்பதுதான் உறுதிப்படும். உங்களைப் போலவே திக்கித் திணறுகிற ஒருவர், திணறிக்கொண்டே ஒரு காரியத்தை முடித்து வெளியே வருவதைப் பாருங்கள். அதில் உங்களுக்குப் பாடம் இருக்கும்.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

சின்னதிலிருந்து. இதற்கு நூறு வருட வரலாறு இருக்கிறது. 1924-ல் மேரி கவர் ஜோன்ஸ் என்பவர், முயலைக் கண்டால் அலறுகிற பீட்டர் என்ற சிறுவனின் பயத்தைப் போக்கியதைப் பற்றி எழுதினார். பையன் தனக்குப் பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது முயல் கூண்டைத் தூரத்தில் வைத்து, நாளாக ஆகக் கொஞ்சம் கொஞ்சமாக அருகே நகர்த்தினார். முயலோடு பயமில்லாமல் விளையாடும் பிள்ளைகளையும் அவன் பார்க்கும்படி செய்தார். கடைசியில் பீட்டர் முயலைத் தடவிக் கொடுத்தான். இன்றைக்கும் பயத்துக்கான சிகிச்சையில் இதே முறைதான் வளர்ந்த வடிவத்தில் இருக்கிறது.

நீங்களே செய்ய: ஒரு தாளை எடுத்து, நீங்கள் தவிர்க்கிற பத்துக் காரியங்களை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பயத்தின் அளவைப் பூஜ்யத்திலிருந்து நூறுவரை போடுங்கள். முப்பது அல்லது நாற்பது மதிப்புள்ளதில் தொடங்குங்கள். பத்து மதிப்புள்ளது எதையும் கற்றுத்தராது, தொண்ணூறு மதிப்புள்ளதில் முதல் நாளே குதித்தால் காயம்தான் மிஞ்சும். அறிமுகமில்லாத ஒருவரிடம் நேரம் கேட்பது, கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்பது, கொடுத்த கடனை நினைவுபடுத்துவது என்று உங்கள் பட்டியல் உங்களுடையதாக இருக்கட்டும். அடுத்தவர் பட்டியலில் ஐந்து மதிப்புள்ள காரியம் உங்களுடையதில் எழுபதாக இருந்தால் அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

செய்வதற்கு முன்னால், என்ன நடக்கும் என்று பயப்படுகிறீர்களோ அதை ஒரு வரியில் எழுதிவிடுங்கள். 'சிரிப்பார்கள்', 'குரல் நின்றுவிடும்', 'கோபப்படுவார்' என்று தெளிவாக இருக்கட்டும். முடிந்தபிறகு உண்மையில் நடந்ததைப் பக்கத்தில் எழுதுங்கள். இதைத் தவறவிடாதீர்கள். மனம் நல்லதை மறந்து கெட்டதைப் பத்திரப்படுத்துகிற இயல்புடையது. எழுதி வைத்ததை அதனால் மாற்ற முடியாது.

ஒரே படியைப் பயம் பாதியாகும்வரை திரும்பச் செய்யுங்கள். பத்து நாளைக்கு ஒருமுறை செய்வதைவிட அடுத்தடுத்த நாட்களில் செய்வது நல்லது. ஒரு நாள் சொதப்பினால் பட்டியலில் ஒரு படி கீழே இறங்கி அங்கேயிருந்து ஏறலாம். அன்றைக்கே எல்லாவற்றையும் நிறுத்துவதுதான் உண்மையான பின்னடைவு.

தினமும் கண்ணாடி முன்னால் நின்று 'நான் சிறந்தவன்' என்று சொல்லிக்கொண்டால் போதாதா?

சிலருக்குக் கெடுதல்கூடச் செய்யலாம். ஜோஆன் வுட் என்ற உளவியலாளர் சகாக்களோடு 2009-ல் வெளியிட்ட ஆய்வில், தன்னைப் பற்றி ஏற்கனவே நல்ல எண்ணம் உள்ளவர்களுக்கு இப்படிச் சொல்லிக்கொள்வது கொஞ்சம் உதவியது. தாழ்வாக நினைப்பவர்களுக்கோ அது முன்பைவிட மோசமான மனநிலையைக் கொடுத்தது. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். 'நான் சிறந்தவன்' என்று வாய் சொல்லும்போதே உள்ளே 'பொய்' என்று ஒரு குரல் பதில் சொல்கிறது. நம்பக்கூடிய சிறு வாக்கியம் மேல்: 'போன வாரம் ஒரு கேள்வி கேட்டேன், ஒன்றும் ஆகவில்லை.'

நெஞ்சை நிமிர்த்தி இரண்டு நிமிடம் நின்றால் ஹார்மோன்களே மாறித் துணிச்சல் வந்துவிடும் என்று 2010-ல் வெளியான ஓர் ஆய்வு உலகமெங்கும் பரவியது. 2015-ல் அதிகப் பேரை வைத்துத் திரும்பச் செய்தபோது ஹார்மோன் மாற்றம் எதுவும் தென்படவில்லை. முதல் ஆய்வை எழுதியவர்களில் ஒருவரான டேனா கார்னியே 2016-ல் அந்த விளைவு உண்மையென்று தான் நம்பவில்லை என்று வெளிப்படையாக அறிவித்தார். நிமிர்ந்து நிற்பது நல்லதுதான். அதிலிருந்து அதற்குமேல் எதிர்பார்க்காதீர்கள்.

படபடப்பு வரும் அந்த நிமிடத்தில் என்ன செய்வது?

'அமைதியாக இரு' என்று உங்களையே அதட்டாதீர்கள். அடிக்கிற இதயத்தை அதட்டி நிறுத்த முடியாது. அலிசன் வுட் புரூக்ஸ் என்ற ஆய்வாளர் 2014-ல் வெளியிட்ட சோதனைகளில், பேசுவதற்கு முன் 'எனக்கு உற்சாகமாக இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டவர்கள், 'நான் அமைதியாக இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். உற்சாகத்திலும் இதயம் வேகமாகத்தான் அடிக்கும், அதனால் உடம்புக்கு அது பொய்யாகப் படுவதில்லை.

மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்குங்கள், சில தடவை போதும். முதல் இரண்டு வாக்கியங்களை மட்டும் மனப்பாடம் செய்துவையுங்கள். தொடக்கத்தைத் தாண்டிவிட்டால் பெரும்பாலும் பேச்சு தானாக ஓடும்.

யார் எதைக் கேட்டாலும் 'முடியாது' என்று சொல்ல வரமாட்டேன் என்கிறது.

மறுப்பதற்கும் பழக்கம் வேண்டும். உடனே பதில் சொல்வதை முதலில் நிறுத்துங்கள்: 'பார்த்துவிட்டு நாளைக்குச் சொல்கிறேன்.' அப்புறம் மறுக்கும்போது காரணங்களை அடுக்காதீர்கள். ஒவ்வொரு காரணத்தையும் எதிராளி உடைக்க வசதி செய்து கொடுக்கிறீர்கள். 'இந்த முறை என்னால் ஆகாது' என்று சொல்லி நிறுத்துங்கள். அதன்பிறகு வரும் மௌனம் சங்கடமாக இருக்கும், அதை நிரப்பாமல் விடுவதுதான் பயிற்சி.

வேலையில் நல்ல பெயர், பாராட்டும் கிடைக்கிறது. ஆனாலும் ஒரு நாள் என் சாயம் வெளுத்துவிடும் என்று பயம்.

நீங்கள் தனி ஆள் இல்லை. பாலின் கிளான்ஸ், சூசேன் ஐம்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1978-ல், சாதனை படைத்த பெண்கள் பலர் தங்களைப் போலிகளாக உணர்வதை விவரித்தார்கள். பிறகு ஆண்களிடமும் இது உண்டு என்பது தெரிந்தது. வெற்றியை அதிர்ஷ்டத்தின் கணக்கிலும் தோல்வியைத் தன் கணக்கிலும் எழுதுவதுதான் இதன் அடையாளம். உங்களை எடை போட்டு வேலை கொடுத்தவர்கள் எல்லோருமே ஏமாந்துவிட்டார்கள் என்று சொல்வது, அவர்களுடைய அறிவையும் சேர்த்துக் குறைத்து மதிப்பிடுவதாகும். நம்பிக்கையான ஒரு சக ஊழியரிடம் இந்தப் பயத்தைச் சொல்லிப் பாருங்கள். 'எனக்கும்தான்' என்ற பதில் வர நல்ல வாய்ப்பு இருக்கிறது.

பயப்படுவதே சரி என்கிற இடங்கள் உண்டா?

கட்டாயம் உண்டு. துணிவு என்பது கோழைத்தனத்துக்கும் கண்மூடித்தனத்துக்கும் நடுவில் இருப்பது என்றார் அரிஸ்டாட்டில். அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாமல் இருப்பதை வள்ளுவரும் பேதைமை என்றுதான் சொல்கிறார். அதே வள்ளுவர் 'அவை அஞ்சாமை'க்கு ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியிருக்கிறார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எதற்கு அஞ்சுவது, எதற்குக் கூடாது என்று பிரித்தறிவதுதான் கடினமான பகுதி.

பல இடங்களில் பயம் ஆளிடம் இருப்பதில்லை, இடத்தில் இருக்கிறது. ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1999-ல் பணிக்குழுக்களைப் பற்றி எழுதியபோது, தப்பை ஒப்புக்கொள்வதும் கேள்வி கேட்பதும் தண்டனைக்கு வழிவகுக்காது என்ற நம்பிக்கை இருக்கிற குழுக்களே நன்றாகக் கற்றுக்கொள்கின்றன என்று காட்டினார். வாயைத் திறந்தவரை ஓரங்கட்டுகிற அலுவலகத்திலோ, எதிர்த்துப் பேசினால் கை நீள்கிற வீட்டிலோ அமைதியாக இருப்பவர் கோழை இல்லை. அவர் தன்னைக் காத்துக்கொள்கிறார். அவரிடம் 'தைரியமாகப் பேசு' என்று சொல்வதற்கு முன்னால், பேசினால் அவருக்கு என்ன நேரும் என்று கேளுங்கள்.

என் பிள்ளை யாரிடமும் பேச மாட்டான். நான் என்ன செய்ய?

அவனுக்குப் பதிலாக நீங்கள் பேசுவதை நிறுத்துங்கள். பெயர் கேட்டால் ஐந்து, பத்து விநாடி காத்திருங்கள். அவன் முன்னாலேயே 'இவனுக்குக் கூச்சம் ஜாஸ்தி' என்று விருந்தாளியிடம் சொல்லாதீர்கள். பிள்ளைகள் அப்படிக் கிடைக்கும் பெயர்களை அப்படியே அணிந்துகொள்வார்கள். கட்டாயப்படுத்தி முன்னால் தள்ளுவதும் வேண்டாம், 'பரவாயில்லை வா' என்று உடனே தூக்கிக்கொண்டு வருவதும் வேண்டாம். பக்கத்தில் நில்லுங்கள், அவன் தானாக இறங்கும்வரை பொறுங்கள். பேசிவிட்டால் ஆரவாரம் செய்யாமல், 'கடைக்காரரிடம் நீயே கேட்டாய், பார்த்தேன்' என்று நடந்ததை மட்டும் சொல்லுங்கள்.

ரோஷம் வரட்டும் என்று 'கோழை' என்று திட்டுவது பற்றியும் கேட்கிறார்கள். வேண்டாம். அவமானத்துக்குப் பயந்து ஒடுங்கியிருக்கிற பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் அவமானத்தை மருந்தாகக் கொடுப்பதுதான் அது.

வீட்டில் கலகலவென்று பேசுகிற பிள்ளை பள்ளியில் மாதக்கணக்கில் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்றால் அது வெறும் கூச்சமாக இல்லாமல் இருக்கலாம். தேர்ந்தெடுத்த மௌனம் என்ற ஒரு பதற்ற நிலை இருக்கிறது. 'தேர்ந்தெடுத்த' என்ற பெயரைக் கேட்டுப் பிடிவாதம் என்று நினைக்க வேண்டாம், அந்தப் பிள்ளையால் உண்மையிலேயே பேச முடிவதில்லை. சீக்கிரம் கவனித்தால் நன்றாகத் தேறும்.

மேடைப் பயத்துக்கு மாத்திரை இருக்கிறதாமே?

புரோப்ரனலால் என்ற, இதயத் துடிப்பைக் குறைக்கிற மருந்தைக் கலைஞர்கள் சிலர் நிகழ்ச்சிக்கு முன் எடுப்பது உண்டு. அது கை நடுக்கத்தையும் படபடப்பையும் அடக்கும், பயந்த எண்ணங்களை மாற்றாது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்தானது, சில இதயக் கோளாறுகளிலும் கூடாது. மருத்துவர் சொல்லாமல் தொடவே கூடாது. தைரியத்துக்காகக் குடிப்பதைப் பற்றி ஒன்றே சொல்லலாம்: நன்றாக நடந்தால் பெயர் மதுவுக்குப் போகும், அடுத்த முறை அது இல்லாமல் இறங்கவே முடியாது.

எப்போது மருத்துவரிடமோ உளவியலாளரிடமோ போக வேண்டும்?

மற்றவர்கள் தன்னை எடைபோடுவார்கள் என்ற பயம் ஆறு மாதத்துக்கும் மேலாக விடாமல் இருந்து, படிப்பையோ வேலையையோ உறவுகளையோ கெடுக்கிறது என்றால் போக வேண்டும். சமூகப் பதற்றக் கோளாறு என்பது 1980-லிருந்தே தனி நோயாக வகைப்படுத்தப்பட்டிருக்கிறது. பெரியவர்களுக்கு அறிவாற்றல் நடத்தை சிகிச்சை முதல் தேர்வாகப் பரிந்துரைக்கப்படுகிறது. அதாவது பயந்த எண்ணங்களைச் சோதித்துப் பார்ப்பதும், மேலே சொன்னதுபோலப் படிப்படியாக இறங்கிப் பழகுவதும், ஒரு பயிற்சி பெற்றவர் துணையோடு. தேவைப்பட்டால் மருந்தும் உண்டு. மனச்சோர்வோ உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமோ சேர்ந்திருந்தால் ஆறு மாதக் கணக்கெல்லாம் வேண்டாம், உடனே போங்கள்.

இந்தக் கோளாறு உள்ளவர்களுக்கு மருத்துவரிடம் பேசுவதே ஒரு பயம். அதனாலேயே பலர் வருடக்கணக்கில் போவதில்லை. அப்படிப்பட்டவர்கள் சொல்ல வேண்டியதை வீட்டிலேயே எழுதி எடுத்துப் போகலாம். 'எனக்கு இதைப் பேச வராது, தயவுசெய்து படித்துப் பாருங்கள்' என்று தாளை நீட்டினால் போதும். முதல் சந்திப்புக்கு நேரம் வாங்கும் தொலைபேசி அழைப்பை உங்களுக்காக வேறொருவர் செய்துகொடுக்கலாம், கூடவே வந்து வெளியே காத்திருக்கவும் செய்யலாம்.